தொழுநோய் என்று பெயர் விழுந்த மூன்று புண்கள்: சவுதியிலிருந்து திரும்பிய ஒருவரின் நிகழ்வு ஆய்வு

செங்கோட்டையைத் தாண்டி மேற்கே போனால் புளியரை, அதற்கு அப்பால் கேரளம். இந்த எல்லைப் பகுதியில் தோல் மருத்துவம் பார்க்கிறேன். இங்கு வருபவர்களில் பலருக்கு மலையின் இரண்டு பக்கமும் வாழ்க்கை இருக்கிறது. காலையில் தென்மலைப் பக்கம் ரப்பர் பால் வெட்டிவிட்டு, சாயங்காலம் இங்கே வந்து ஓ.பி. சீட்டு போடுவார்கள். வளைகுடாவுக்கு ஆள் போகாத தெருவும் இங்கே அபூர்வம். அப்படிப் போய்த் திரும்பிய ஒருவரின் கதை இது. அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

பின்னணி

வயது 34. மனைவி, ஒரு பெண் குழந்தை, வயதான தாய், கல்யாணத்துக்கு நிச்சயமான தங்கை. சவுதியின் கிழக்குப் பகுதியில் அல் அஹ்ஸா பாலைச்சோலையில் ஒரு பேரீச்சைத் தோட்டத்தில் மூன்று வருடம் வேலை. ஐப்பசி தொடக்கத்தில் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கி ஊருக்கு வந்தார். அதுவரை சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் கிடையாது.

வந்து கொஞ்ச நாளில் இடது புறங்கையில் ஒரு சிவந்த தடிப்பு. அரிப்பு இல்லை, வலி இல்லை. வீட்டில் சிலந்திக் கடி என்றார்கள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டார்கள். கார்த்திகை முடிவதற்குள் அது பெரிதாகி நடுவில் உடைந்து, பொருக்குத் தட்டிய புண்ணானது. அதே போல இன்னொன்று இடது முன்கையில், மூன்றாவது வலது கணுக்காலுக்கு மேலே.

முதல் ஐந்து மாதங்கள்

மருந்துக் கடையில் கேட்டதும் ஒரு களிம்பு கொடுத்தார்கள். ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்தது. படர்தாமரைக்கு இந்தக் களிம்பைப் போட்டு முகமெல்லாம் கெட்டுப்போய் வருபவர்களை வாரம்தோறும் பார்க்கிறேன். இவருக்கும் இரண்டு நாள் சிவப்பு அடங்கின மாதிரி இருந்தது, பிறகு புண் அகலமானது. தை மாதம் ஒரு மருத்துவமனையில் இரண்டு சுற்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். சீழ் குறைந்தது. புண் அப்படியே இருந்தது.

மாசியில் வேறோர் இடத்தில் தொழுநோய் என்று முடிவு செய்தார்கள். அந்த முடிவுக்கு எப்படி வந்திருப்பார்கள் என்பதைப் பின்னால் அவருடைய கையைத் தொட்டுப் பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன். புறங்கைப் புண்ணிலிருந்து மணிக்கட்டு வழியாக மேலே ஒரு கயிறு போலத் தடித்த ஒன்று ஓடியது. தொழுநோயில் நரம்பு தடிக்கும், அதுவும் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் ஓடும் நரம்பைத் தொட்டுப் பார்ப்பது வழக்கம். இவருடைய தடிப்பும் அதே தடத்தில்தான் இருந்தது. புண்ணின் மேல் பஞ்சால் தொட்டபோது உணர்வு இல்லை என்று சொல்லியிருக்கிறார். பொருக்கின் மேல் தொட்டால் யாருக்கு உணர்வு இருக்கும்?

பன்னிரண்டு மாதத்துக்கான கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியது. புண்ணைச் சுற்றி வீங்கியிருந்ததால் அதைத் தொழுநோய் எதிர்வினை என்று எடுத்துக்கொண்டு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தினம் 40 மி.கி. சேர்த்தார்கள். ஆறு வாரத்தில் தோல் கறுத்தது, சிறுநீர் சிவப்பாகப் போனது. இரண்டும் அந்த மருந்துகளின் வழக்கமான விளைவுகள்தான். ஆனால் புண் மூன்றும் வளர்ந்தன.

வீட்டில் என்ன நடந்தது என்பதையும் பதிய வேண்டும். தாய் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தார். குழந்தையைப் பாட்டி பக்கத்தில் படுக்க வைத்தார்கள். தங்கைக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டார் புனலூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். விஷயம் எப்படியோ மலை தாண்டிப் போனது. அவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

எங்களிடம் வந்த நாள்

சித்திரையில் வந்தார். கையில் கூட்டு மருந்து அட்டை, ஒரு பழைய சீட்டு. சீட்டில் 'சவுதி ரிடர்ன்' என்று எழுதியிருந்தது. அதை நானும் படித்தேன், அவருடைய வேலை விவரமாக மட்டுமே படித்தேன்.

புறங்கைப் புண் 3 செ.மீ., முன்கையில் 2 செ.மீ., கணுக்காலுக்கு மேல் 2.5 செ.மீ. மூன்றுக்கும் விளிம்பு மேடாக, கெட்டியாக இருந்தது. நடுவில் குழி, அதன்மேல் பழுப்புப் பொருக்கு. எரிமலை வாய் போல என்று பாடப் புத்தகத்தில் சொல்லும் அதே தோற்றம். கணுக்காலில் இருந்ததில் மட்டும் நீர் வடிந்தது.

தொழுநோய் என்று எழுதி வந்திருந்ததால் நானும் தொழுநோயைச் சரிபார்க்கும் கோணத்திலேயே நின்றேன். இரண்டு காது மடல்களிலும் புண்ணின் நடுவிலும் கீறி, ஸ்லைடில் தடவிப் பார்க்கும் ஸ்மியர் எடுத்து, தொழுநோய்க் கிருமிக்கான சாயம் மட்டும் போடச் சொன்னேன். கிருமி இல்லை. புண்ணின் விளிம்பிலிருந்து பயாப்ஸிக்கும் ஒரு துண்டு அனுப்பிவிட்டு, பத்து நாள் கழித்து வாருங்கள் என்றேன். பிரெட்னிசலோனை அன்றே குறைக்கத் தொடங்கியிருக்க வேண்டும், நான் தொடங்கவில்லை. அந்தப் பத்து நாள் அவர் அதை விழுங்கிக்கொண்டிருந்ததற்கு நான் பொறுப்பு.

மனைவி சொன்ன ஒரு வரி

இரண்டாம் முறை மனைவியும் வந்திருந்தார். நான் கணவரிடம் உணர்வுப் பரிசோதனை செய்துகொண்டிருந்தேன், இம்முறை பொருக்கைத் தவிர்த்து, சுற்றியிருந்த தோலில். எல்லா இடத்திலும் பஞ்சு பட்டதைச் சரியாகச் சொன்னார். முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு தடிக்கவில்லை. மணிக்கட்டில் ஓடிய கயிற்றை விரலால் உருட்டினேன். நரம்பு என்றால் வழுவழுப்பாக ஒரே சீராக ஓடும். இதில் இரண்டு இடத்தில் மணி கோத்த மாதிரி முடிச்சு. நிணநீர்க் குழாய் வழியாக ஏதோ ஏறிக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் தோன்றியது.

ஓரமாக நின்றிருந்த மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அங்க இவரு கூட இருந்த ரெண்டு பேருக்கும் இதே புண்ணுதான் டாக்டர். போன்ல காட்டுனாவ."

தொழுநோய் இப்படி ஒரே அறையில் மூன்று பேருக்கு ஒரே பருவத்தில் வருவதில்லை. அதன் அடைகாலம் ஆண்டுக்கணக்கு. நான் அவரிடம் திரும்பி, "தம்பி, அங்க எங்க படுப்பீங்க?" என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

தோட்டத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகை. கோடையில் உள்ளே படுக்க முடியாது. வெளியே மணலில் பாய் விரித்துப் படுப்பார்கள். பக்கத்தில் புதரும், எலி வளைகளும். கொசு வலை இருந்தது, ஆனாலும் காலையில் கடித்த தடம் இருக்கும்.

அல் அஹ்ஸா தோல் லீஷ்மேனியாசிஸுக்குப் பேர்போன இடம். அங்கு அதை உண்டாக்குவது லீஷ்மேனியா மேஜர் என்ற ஒட்டுண்ணி. பாலைவன எலிகளின் உடலில் அது வாழ்கிறது. எலியைக் கடித்த மணல் ஈ மனிதனையும் கடிக்கும்போது தோலில் இறங்குகிறது. மணல் ஈ 2 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், சத்தம் போடாது. இருட்டிய பின் தரைக்கு அருகே தத்தித் தத்திப் பறக்கும். சாதாரண கொசு வலையின் கண்ணுக்குள் எளிதாக நுழைந்துவிடும். கடித்த இரண்டு வாரம் முதல் இரண்டு மாதத்துக்குள் பெரும்பாலும் தடிப்பு தெரியும்.

இரண்டாவது ஸ்மியர்

அன்றே எடுத்தோம். உப்புநீரில் நனைத்த துணியை அரை மணி நேரம் புண்ணின் மேல் போட்டு வைத்துப் பொருக்கை ஊற விட்டோம். அது தானாகக் கழன்று வந்தது. அடியில் சிவந்த, மணல் மணலான பரப்பு. மரத்துப் போக ஊசி போட்ட பின், விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வெளுக்கும்வரை அழுத்திப் பிடித்தேன். ரத்தம் கலந்தால் ஸ்மியர் வீண். 15-ஆம் எண் பிளேடால் ஒரு சிறு கீறல். பிறகு பிளேடைத் திருப்பி, கீறலின் பக்கச் சுவரைச் சுரண்டி, வந்த தசைக் கூழை ஸ்லைடில் தடவினோம். ஒட்டுண்ணி இருப்பது விளிம்பில். நடுக்குழியில் செத்த திசுவும் சாதாரண பாக்டீரியாவும்தான் மிஞ்சும். முதல் முறை நான் சுரண்டியது அங்கேதான்.

இதற்கென்று தனிச் சாயம் வாங்க வேண்டியதில்லை. ரத்த ஸ்மியருக்கு எல்லா லேபிலும் தினமும் போடுகிற லீஷ்மேன் சாயமே போதும். லேப் டெக்னீஷியன் எண்ணெய் வில்லையை இறக்கி, ஏறத்தாழ இருபது நிமிடம் தேடினார். பிறகு எழுந்து இடம் விட்டார். பெரிய செல் ஒன்றுக்குள் வெளிர்நீல முட்டை வடிவப் பொட்டுகள், பத்துப் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் ஊதா நிற உருண்டை ஒன்று, அதன் பக்கத்தில் சின்னக் குச்சி ஒன்று. உருண்டை உட்கரு, குச்சி கைனெட்டோபிளாஸ்ட், அதாவது இந்த வகை ஒட்டுண்ணிகளுக்கே உரிய டிஎன்ஏத் திரள். இப்படி ஒரு தோல் புண்ணில் இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அநேகமாக லீஷ்மேனியாதான்.

லீஷ்மேன் டோனோவான் உடல்கள் என்பது இவற்றின் பெயர். சார்லஸ் டோனோவான் 1903-இல் இவற்றைக் கண்டது மதராஸில், அரசு பொது மருத்துவமனையில் வேலை பார்த்தபோது. நம் மாநிலத்தில் கண்டறியப்பட்ட ஒன்றை நம் மாநிலத்தில் ஐந்து மாதம் யாரும் தேடாமல் விட்டோம். நானும் அதில் ஒருவன் என்பது எனக்கு வருத்தம்.

இரண்டு நாளில் பயாப்ஸி முடிவும் வந்தது. நிணச் செல்களும் பிளாஸ்மா செல்களும் நிறைந்த கிரானுலோமா என்ற அழற்சித் திரள், நரம்பு அழிவு இல்லை, அங்கங்கே அதே பொட்டுகள்.

கடித்தது எந்த மலைக்கு அந்தப் பக்கம்?

சரி, விடை கிடைத்துவிட்டது என்று நினைத்த இடத்தில் ஒரு சிக்கல் வந்தது. பேச்சுவாக்கில் அவர் சொன்னார்: ஊருக்கு வந்த பிறகு குளத்துப்புழைப் பக்கம் மைத்துனர் ரப்பர் தோட்டத்தில் மூன்று வாரம் தங்கி வேலை பார்த்ததாக. காட்டை ஒட்டிய தோட்டம். விடியுமுன் பால் வெட்டப் போவார்கள்.

அகத்தியமலை அடிவாரத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்துக் காணிக்காரர் குடியிருப்புகளில், தோல் லீஷ்மேனியாசிஸ் உள்ளூரிலேயே பரவுவது பதிவாகியிருக்கிறது. அங்கு காரணம் லீஷ்மேனியா டோனோவானி. பீகாரில் காலா அசார் என்ற உள்ளுறுப்பு நோயைக் கொண்டுவருவதும் இதே இனம்தான். குளத்துப்புழை அந்தக் காட்டுத் தொடருக்கு வடக்கே அதிகத் தொலைவில் இல்லை. கேரளத்தில் கடித்திருந்தால் மண்ணீரலையும் கல்லீரலையும் கவனமாகப் பார்க்க வேண்டும், மைத்துனர் வீட்டாரையும் பரிசோதிக்க வேண்டும், இரண்டு மாநிலச் சுகாதாரத் துறைக்கும் அது புதிய செய்தியாக இருக்கும். சவுதியில் கடித்திருந்தால் அந்தக் கவலைகள் பெரும்பாலும் இல்லை.

அப்புறம், முதல் தடிப்பு எப்போது வந்தது? அவருக்கு நினைவில்லை. 'வந்து கொஞ்ச நாளில்' என்பதற்கு மேல் சொல்ல முடியவில்லை. மனைவி போனை எடுத்துத் தீபாவளிப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். குழந்தை கம்பி மத்தாப்பு பிடித்திருக்கிற படம். அவளுடைய மணிக்கட்டைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்திருப்பது அப்பாவின் இடது கை. படத்தைப் பெரிதாக்கினோம். மத்தாப்பு வெளிச்சத்தில் புறங்கையில், கட்டைவிரல் மேட்டுக்குச் சற்று மேலே, மிளகு அளவு சிவந்த மேடு ஒன்று தெரிந்தது. குளத்துப்புழைக்குப் போனது தீபாவளி கழிந்து ஒரு வாரம் ஆன பிறகு.

இருந்தாலும் படத்தை மட்டும் நம்பவில்லை. விளிம்புத் திசு ஒன்றை ஆல்கஹாலில் போட்டு, இனம் கண்டறியும் பிசிஆர் சோதனைக்கு அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து வந்த முடிவு: லீஷ்மேனியா மேஜர். வயிற்று ஸ்கேனில் மண்ணீரலும் கல்லீரலும் இயல்பு. எச்ஐவி சோதனை நெகட்டிவ்.

சிகிச்சையைத் தீர்மானித்த விதம்

முதல் வேலை தவறான மருந்தை நிறுத்துவது. கூட்டு மருந்தை நானாக நிறுத்தவில்லை. மாவட்டத்தில் தொழுநோய்ப் பணியைக் கவனிக்கும் மருத்துவரிடம் ஸ்லைடையும் பயாப்ஸி முடிவையும் நேரில் காட்டினேன். அவர் நரம்புகளைத் தாமே பரிசோதித்துவிட்டு, நிறுத்தவும் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கவும் ஒப்புக்கொண்டார். பிரெட்னிசலோன் ஒரே நாளில் நிறுத்தக் கூடியதல்ல, ஏழு வாரம் போயிருந்தது. படிப்படியாகக் குறைத்தோம்.

அடுத்த கேள்வி, சிகிச்சையே வேண்டுமா என்பது. லீஷ்மேனியா மேஜர் புண் பலருக்குச் சில மாதங்களில் தானே ஆறிவிடும். சும்மா விட்டுப் பார்க்கலாம் என்பதும் மருத்துவ ரீதியில் சரியான முடிவுதான். இவரிடம் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஐந்து மாதத்துக்கு மேல் ஆகியும் ஆறுகிற அறிகுறி இல்லை, ஸ்டீராய்டு அதைப் பின்னுக்கு இழுத்திருந்தது, நிணநீர் வழியாக ஏறிக்கொண்டிருந்தது. இவை உடல் சார்ந்த காரணங்கள். இன்னும் ஆறு மாதம் அந்தத் தனி டம்ளரில் அவர் குடிக்க வேண்டியிருக்கும் என்பதும் என் கணக்கில் இருந்தது. அதைக் கணக்கில் சேர்த்ததற்காக நான் வருந்தவில்லை.

உடல் முழுக்கப் போகிற மருந்துகளை எடுத்துப் பார்த்தோம். ஆம்போடெரிசின் என்றால் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும், சிறுநீரகத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று சிறு புண்ணுக்கு அது அதிகம். சவுதியிலேயே இந்த இனத்துக்குப் புளுகோனசோல் மாத்திரை தினம் 200 மி.கி. ஆறு வாரம் கொடுத்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். ஆனால் இவர் கூட்டு மருந்தில் உள்ள ரிஃபாம்பிசினை எடுத்திருந்தார். அது புளுகோனசோலின் அளவை ரத்தத்தில் குறைக்கும், அதன் தாக்கம் நிறுத்திய பிறகும் சில வாரம் நீடிக்கும். கல்லீரல் நொதிகளும் சற்று ஏறியிருந்தன. ஆகவே லீஷ்மேனியாவுக்கான சோடியம் ஸ்டிபோகுளுகோனேட் மருந்தைப் புண்ணுக்குள்ளேயே ஊசியாகப் போடுவது என்று முடிவெடுத்தோம். எந்த இனமாக இருந்தாலும் இது தொடங்கத் தகுந்தது என்பதால் பிசிஆர் முடிவுக்குக் காத்திருக்கவில்லை.

மருந்து பக்கத்தில் எங்கும் கிடைக்கவில்லை. பெரிய நகரம் ஒன்றிலிருந்து வரவழைக்க ஒன்பது நாள் ஆனது.

ஊசி போட்ட வாரங்கள்

வாரம் ஒரு முறை. மெல்லிய ஊசியால் புண்ணின் கெட்டி விளிம்பைச் சுற்றி நான்கு பக்கமும், விளிம்பு வெளுக்கும்வரை மருந்தை ஏற்ற வேண்டும். ஒரு புண்ணுக்கு 1 மில்லி முதல் 1.5 மில்லி வரை பிடித்தது. வலி கடுமை. முதல் வாரம் அவர் தோள் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து மரப்புக் களிம்பை ஒரு மணி நேரம் முன்பே தடவி உட்கார வைத்தோம், கொஞ்சம் பரவாயில்லை என்றார்.

மூன்றாவது வாரம் கையிலிருந்த விளிம்பு இரண்டும் தாழ்ந்தன. ஐந்தாவது ஊசிக்குப் பிறகு கையில் போட வேண்டியிருக்கவில்லை. மணிக்கட்டு முடிச்சுகளை நாங்கள் தொடவே இல்லை, அவையும் தானே கரைந்தன. கணுக்கால்தான் இழுத்தது. காலில் ஆறுவது எப்போதுமே மெதுவாகத்தான், பாக்டீரியாத் தொற்று வேறு சேர்ந்திருந்தது. அதற்குத் தனியாக ஆன்டிபயாடிக் கொடுத்து, எட்டு ஊசி போட்டு, காலை உயர்த்தி வைக்கச் சொல்லி, குற்றாலத்தில் சாரல் தொடங்கி நன்றாகப் பிடித்த பிறகுதான் மூடியது. ஸ்டீராய்டு நின்றதால் உடம்பே ஆற்றியது எவ்வளவு, ஊசி ஆற்றியது எவ்வளவு என்று இந்த ஒருவரை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

வீட்டாரோடு பேசியது

இரண்டாவது ஊசி நாளன்று தாயையும் தங்கையையும் வரச் சொன்னேன். மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடைக் காட்டினோம். தாய்க்குக் கண் சரியாகத் தெரியவில்லை, தங்கை பார்த்துச் சொன்னாள். இது தொட்டால் ஒட்டாது, தட்டிலும் டம்ளரிலும் ஒட்டாது என்று சொன்னேன். அதோடு நிறுத்தினால், தொழுநோயாக இருந்திருந்தால் தனி டம்ளர் சரிதான் என்று ஆகிவிடும். ஆகவே அதையும் சொன்னேன்: "ஆத்தா, குஷ்டமாவே இருந்தாலும் மருந்து ஆரம்பிச்ச பிறகு யாருக்கும் ஒட்டாது. அப்பவும் ஒரே தட்டுல சாப்பிடலாம்." அந்த அம்மா அழுதார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு பெரியவர் புனலூரிலிருந்து ரயிலில் வந்தார். நோயாளியின் கையைப் பற்றிப் பேச அவருடைய அனுமதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு பெரியவரிடம் பேசினேன். பெரியவர் கேட்டது ஒரே கேள்வி, இது பரம்பரையா என்று. இல்லை, பூச்சி கடித்தது என்றேன். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

பின்தொடர்தலும் மாறிய பழக்கங்களும்

ஆறாம் மாதம் பார்த்தபோது மூன்று இடத்திலும் நடுவில் வெளுத்து, சுற்றிக் கறுத்த தழும்பு. பன்னிரண்டாம் மாதமும் அப்படியே, மறுபடி முளைக்கவில்லை. கூட்டு மருந்தில் இருந்த கிளோஃபசிமைன் தந்த கறுப்பு மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் ஓ.பி. சீட்டில் இப்போது ஒரு வரி அச்சடித்திருக்கிறோம்: கடந்த ஓராண்டில் எந்தெந்த ஊரில் இரவு தங்கினீர்கள், எங்கே படுத்தீர்கள்? 'வெளிநாடு போனீர்களா' என்று கேட்டால் ஆமாம் இல்லை என்பதோடு முடிந்துவிடுகிறது. படுத்த இடத்தைக் கேட்டால் மணல், காடு, மாட்டுத் தொழுவம், கூட இருந்தவர்கள் எல்லாம் பேச்சில் வருகின்றன. நான்கு வாரத்துக்கு மேல் ஆறாத, வலியில்லாத புண் என்றால் விளிம்பிலிருந்து இரண்டு ஸ்லைடு எடுக்கிறோம். ஒன்றுக்குத் தொழுநோய்ச் சாயம், ஒன்றுக்கு லீஷ்மேன் சாயம். ஸ்மியர் பார்க்காமல் பிரெட்னிசலோன் தொடங்குவதில்லை. உணர்வுப் பரிசோதனையைப் பொருக்கின் மேல் செய்வதில்லை என்பதைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் அவருடைய கைப் படத்தைக் காட்டியே சொல்கிறேன்.

அவர் மறுபடி சவுதி போனார், அதே தோட்டத்துக்கு. கடன் இருந்தது. இந்த இனம் ஒரு முறை வந்து ஆறினால் பெரும்பாலும் திரும்ப வராது என்று சொல்லியிருந்தேன். கூட இருப்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதையும் சொல்லியிருந்தேன். கண் மிகச் சிறிய, பூச்சிமருந்து தோய்த்த வலை இரண்டு வாங்கிக்கொண்டு போனார். போய் ஒரு மாதம் கழித்து ஒரு படம் அனுப்பினார். கொட்டகை வாசலில் பாய்க்குப் பதில் உயரமான கட்டில், அதன்மேல் வலை, தலைமாட்டில் மேசை விசிறி. கட்டிலில் உட்கார்ந்திருப்பவன் அவர் இல்லை. கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த பையனாம்.